புழல் ஏரியில் இறங்கிய போர் விமானம்: வங்கக் கடலுக்குக் காவல் நின்ற ‘கேட்டலினா’வின் கதை

புதுச்சேரி கடற்கரைச் சாலையில், காந்தி சிலைக்குப் பக்கத்தில் நின்று கிழக்கே பார்க்கிறீர்கள். கடல் எவ்வளவு தூரம் தெரியும்? முடிவே இல்லாத மாதிரிதான் தோன்றும். ஆனால் தரையில் நிற்கும் ஒருவரின் கண்ணுக்கு எட்டுவது சுமார் 5 கி.மீ. மட்டுமே. பூமி உருண்டை என்பதால் அதற்கு அப்பால் கடல் கீழே வளைந்து மறைந்துவிடுகிறது. 30 மீட்டர் உயரக் கலங்கரை விளக்கத்தில் ஏறினால் 20 கி.மீ. கிடைக்கும். 600 மீட்டர் உயரத்தில் பறக்கும் விமானத்தில் இருந்து, வானம் தெளிவாக இருந்தால், 85 கி.மீ.க்கு மேல் தெரியும்.

இந்தக் கணக்கு இரண்டாம் உலகப் போரில் உயிர் போகிற விஷயமாக இருந்தது. செயற்கைக்கோள் இல்லாத காலம். ஒரு போர்க்கப்பல் கூட்டம் மணிக்கு 45 கி.மீ. வேகத்தில் வந்தால், பொழுது சாய்ந்து விடிவதற்குள் 500 கி.மீ.க்கு மேல் கடந்துவிடும். மாலையில் வெறுமையாகக் கிடந்த கடலில், காலையில் குண்டு வீசும் தூரத்தில் எதிரி நிற்பான். அதை முன்கூட்டியே தெரிந்துகொள்ள ஒரே வழி, யாராவது பறந்து போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்வதுதான்.

வங்கக் கடலிலும் இந்தியப் பெருங்கடலிலும் அந்த வேலையைச் செய்த முக்கியமான விமானம் ‘கேட்டலினா’. அதன் ஒரு தளம் புதுச்சேரியில் இருந்து காரில் மூன்று, நான்கு மணி நேரத்தில் போய்விடக்கூடிய இடத்தில் இருந்தது: சென்னைக்குக் குடிநீர் தரும் புழல் ஏரி!

படகா, விமானமா?

இரண்டும்தான். அமெரிக்காவின் கன்சாலிடேட்டட் நிறுவனம், அமெரிக்கக் கடற்படைக்காக உருவாக்கிய பறக்கும் படகு இது. முதலில் பறந்தது 1935 மார்ச்சில். கடற்படை வைத்த பெயர் ‘பிபிஒய்’. அதில் ‘பி’ இரண்டும் ரோந்து, குண்டுவீச்சு என்ற சொற்களின் முதலெழுத்து. ‘ஒய்’ என்பது தயாரிப்பு நிறுவனத்துக்கான குறி. கலிபோர்னியா கரையோரம் உள்ள ஒரு தீவின் பெயரால் ‘கேட்டலினா’ என்று அழைக்கத் தொடங்கியவர்கள் பிரிட்டிஷார். பிறகு அமெரிக்கர்களும் அதையே எடுத்துக்கொண்டார்கள்.

அடிப்பாகம் அப்படியே படகு. அதன் முதுகில் ஒரு தூண், தூண் மேல் குடை விரித்த மாதிரி 31.7 மீட்டர் நீள இறக்கை. இறக்கை மேல் இரண்டு இன்ஜின்கள். ஒவ்வொன்றும் 1,200 குதிரைத்திறன். தண்ணீரில் சாய்ந்துவிடாமல் இருக்க இறக்கையின் இரு முனைகளிலும் மிதவைகள். மேலே எழும்பியதும் இந்த மிதவைகள் மடங்கி, இறக்கையின் நுனியாகவே மாறிவிடும். பின்பக்கம் இரு புறமும் கண்ணாடிக் குமிழ்கள். அங்கே உட்கார்ந்துதான் கடலைப் பார்ப்பார்கள். துப்பாக்கியும் அங்கேயே இருக்கும்.

இதன் பலவீனம் வேகம். சாதாரணமாகப் பறப்பது மணிக்கு 200 கி.மீ. முழு மூச்சாக ஓட்டினாலும் 300-ஐ ஒட்டித்தான். அன்றைய ஜப்பானிய ‘ஜீரோ’ போர் விமானம் 500-ஐத் தாண்டும். பறக்கத் தொடங்கும்போதும், நடுவழியிலும், இறங்கும்போதும் கேட்டலினாவுக்கு ஒரே வேகம்தான் என்று விமானிகளே கிண்டல் அடிப்பார்களாம்.

ஆனால் ஒரு விஷயத்தில் அதை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. 4,000 கி.மீ. வரை இறங்காமல் போகும். 20 மணி நேரம் வானத்திலேயே கிடக்கும். உள்ளே படுக்கைகள் உண்டு, சின்ன மின் அடுப்பு உண்டு. ஒரு முறை ரோந்துக்குக் கிளம்பினால் ஒரு பகலும் இரவில் பாதியும் அதற்குள்ளேதான் வாழ்க்கை.

பென்சில் இல்லாமல் ஏறாதே

கேட்டலினா விமானிகளின் அனுபவங்களைப் படித்தால் பாதி விமானி பேச்சு, பாதி மீனவர் பேச்சு மாதிரி இருக்கும்.

இதற்கு பிரேக் கிடையாது. இறங்கிய பிறகு, போயா என்று மீனவர்கள் சொல்லும் மிதவையில் கொண்டுபோய்க் கட்ட வேண்டும். காற்று ஒரு பக்கம் தள்ளும், நீரோட்டம் ஒரு பக்கம் இழுக்கும். கண்ணாடிக் குமிழ் வழியாகத் துணிப் பைகளைத் தண்ணீரில் விட்டு, அது இழுக்கிற இழுப்பில் வேகத்தைக் குறைப்பார்கள். இடது பக்கப் பையை மட்டும் விட்டால் விமானம் இடது பக்கம் திரும்பும். மூக்குப் பகுதியில் ஒருவர் கொக்கிக் கம்போடு நிற்பார். கோட்டைவிட்டால் இன்னொரு சுற்று. கூடவே நங்கூரமும், அடியில் சேரும் தண்ணீரை இறைக்க பம்பும் உண்டு.

கடல் கொந்தளித்தால் இறங்குவது கஷ்டம் என்று யாருக்கும் தெரியும். கடல் கண்ணாடி மாதிரி அசையாமல் கிடந்தாலும் ஆபத்துதான் என்பது பலருக்குத் தெரியாது. எண்ணெய் ஊற்றினாற்போல் கிடக்கும் நீர்ப்பரப்பில், தண்ணீர் எங்கே தொடங்குகிறது என்று கண்ணுக்குப் பிடிபடாது. இன்னும் பத்து மீட்டர் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே மோதிவிடும். அல்லது தொட்டுவிட்டோம் என்று நினைத்து மேலேயே வேகத்தை விட்டுவிடுவார்கள். அதனால் கண்ணை நம்பாமல், மூக்கைக் கொஞ்சம் தூக்கி, இன்ஜினை ஓட விட்டபடி, மிக மெதுவாக இறக்கிக்கொண்டே, தண்ணீர் தானாக வந்து தொடும்வரை காத்திருக்க வேண்டும். கிளம்பும்போதும் இதே தொல்லை. அசையாத நீர், விமானத்தின் அடியைப் பிடித்துக்கொண்டு விடாது. ஒரு மோட்டார் படகை முன்னால் ஓடவிட்டு அலை கிளப்பினால்தான் எழும்பும்.

அலையில் வேகமாக இறங்கினால் அடித்தகட்டைப் பிணைத்திருக்கும் ரிவிட்டுகள் பிய்த்துக்கொண்டு போகும். ஓட்டை வழியாகத் தண்ணீர் பீய்ச்சி அடிக்கும். அதற்கு வைத்தியம்? பென்சில். ஓட்டையில் செருகி உடைத்துவிட்டால் அடைப்பு. இது கேலிக்காகக் கட்டிய கதை அல்ல. அவசரத்துக்குக் கேட்டலினா குழுவினர் உண்மையிலேயே கையாண்ட வழி.

இன்னொரு விசித்திரம். இன்ஜின்களைக் கவனிக்கும் பொறியாளர் விமானிக்குப் பக்கத்தில் இருக்க மாட்டார். இறக்கையைத் தாங்கும் அந்தத் தூணுக்குள், தனியாக ஒரு பொந்து மாதிரி இடத்தில் உட்கார்ந்திருப்பார். கப்பலில் மேல்தளத்தில் இருந்து இன்ஜின் அறைக்கு உத்தரவு போகுமே, அதுபோல விமானி பொத்தானை அமுக்க, பொறியாளர் முன்னால் விளக்கு எரியும். மிதவையை இறக்கு, எரிபொருள் கலவையை மாற்று என்பதெல்லாம் விளக்கு பாஷையில்தான்.

1942 ஏப்ரல் 4, மாலை 4 மணி

இப்போது இந்த மந்தமான விமானத்தை ஏன் மறக்கக்கூடாது என்பதற்கு வருவோம்.

1942-ன் தொடக்கம் பிரிட்டிஷாருக்குக் கெட்ட காலம். பிப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்தது. மார்ச்சில் ரங்கூன் விழுந்தது. அதே மாதம் அந்தமானும் ஜப்பான் கைக்குப் போனது. அடுத்து இலங்கையா, சென்னையா என்பதுதான் கேள்வி. பேர்ல் ஹார்பரைத் தாக்கிய அதே அட்மிரல் நகுமோ, ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்களோடு இந்தியப் பெருங்கடலுக்குள் நுழைந்திருந்தார்.

இலங்கையின் தென்கோடியில், காலிக்குப் பக்கத்தில் உள்ள கொக்கல ஏரி. கனடா விமானப்படையின் 413-வது பிரிவு அங்கே கேட்டலினாக்களோடு அப்போதுதான் வந்து சேர்ந்துகொண்டிருந்தது. ஸ்குவாட்ரன் லீடர் லியோனார்ட் பெர்ச்சல் வந்து இரண்டே நாள். ஏப்ரல் 4 அன்று விடிவதற்கு முன்பே, 9 பேர் குழுவோடு கிளம்பினார். பகல் முழுக்கத் தெற்கே தேடியும் ஒன்றும் இல்லை. திரும்பும் நேரம் நெருங்கிய மாலை 4 மணி அளவில், தொடுவானத்தில் சில புள்ளிகள் தெரிந்தன. இலங்கையில் இருந்து சுமார் 600 கி.மீ. தூரம்.

இந்த இடத்தில் அவருக்கு இரண்டு வழி இருந்தது. புள்ளிகளைப் பார்த்ததும் திரும்பி மேகத்துக்குள் ஒளியலாம். ஆனால் ‘ஏதோ கப்பல்கள் தெரிகின்றன’ என்ற செய்தியால் கொழும்பில் யாருக்கும் பயன் இல்லை. எத்தனை கப்பல், என்ன வகை, எந்தத் திசை, என்ன வேகம் என்று சொன்னால்தான் அது தகவல். பெர்ச்சல் கிட்டே போனார். எண்ண எண்ணக் கூடிக்கொண்டே போனது கப்பல்கள்.

அதற்குள் ஜீரோ விமானங்கள் மேலே வந்துவிட்டன. வானொலியில் செய்தியை மூன்று முறை அனுப்ப வேண்டும் என்பது விதி. மூன்றாவது முறை போய்க்கொண்டிருக்கும்போதே குண்டு பட்டு வானொலிக் கருவி நொறுங்கியது. தீப்பிடித்த விமானத்தை எப்படியோ கடலில் இறக்கினார்கள். காயத்தோடு கிடந்த ஒருவர் விமானத்தோடு மூழ்கினார். நீந்திக்கொண்டிருந்தவர்கள் மீதும் ஜீரோக்கள் சுட்டதில் மேலும் இருவர் இறந்தனர். மிச்சம் ஆறு பேரை ஜப்பானிய நாசகாரிக் கப்பல் ஒன்று தூக்கிக்கொண்டது.

கப்பலில் அடித்து விசாரித்தார்கள். செய்தி அனுப்பினீர்களா? இல்லவே இல்லை என்று சாதித்தார்கள் ஆறு பேரும். அந்த நேரம் பார்த்து, ‘செய்தியை மறுபடி அனுப்பு’ என்று கொழும்பு நிலையம் கேட்டதை ஜப்பானியர் ஒட்டுக்கேட்டுவிட்டனர். மறுபடி அடி. மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஜப்பானில் போர்க்கைதியாக இருந்து, 1945-ல்தான் பெர்ச்சல் விடுதலையானார். முகாம்களில் சக கைதிகளுக்காக நின்றதற்கும், அங்கே நடந்தவற்றை ரகசியமாக எழுதி வைத்ததற்கும் அவர் தனியாகப் பேசப்படுகிறார். அந்தக் குறிப்புகள் போருக்குப் பிந்தைய விசாரணைகளில் சாட்சியமாயின.

‘இலங்கையின் மீட்பர்’ என்று பத்திரிகைகள் அவருக்குப் பட்டம் சூட்டின. பட்டம் கொஞ்சம் அதிகம் என்றுதான் சொல்ல வேண்டும். மறுநாள் ஈஸ்டர் ஞாயிறு காலை 125-க்கும் மேற்பட்ட ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கவே செய்தன. எச்சரிக்கை கிடைத்திருந்தும், ரத்மலானையில் போர் விமானங்கள் தரையில் இருக்கும்போதே தாக்குதல் தொடங்கிவிட்டது. கடலில் கார்ன்வால், டோர்செட்ஷயர் என்ற இரண்டு பிரிட்டிஷ் குரூசர் கப்பல்கள் மூழ்கி 424 பேர் இறந்தனர். ஏப்ரல் 9-ல் திருகோணமலை. அன்றே மட்டக்களப்புக்கு அப்பால் ஹெர்ம்ஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பலும் 300-க்கும் மேற்பட்டோருடன் மூழ்கியது. அன்று அந்தக் கப்பற்படையைக் கண்டுபிடித்ததும் 413-வது பிரிவின் இன்னொரு கேட்டலினாதான். அதில் போனவர்கள் ஒருவரும் திரும்பவில்லை. அவர்களுக்குப் பட்டம் எதுவும் கிடைக்கவில்லை.

ஆனால் பெர்ச்சலின் செய்தியால் கொழும்பு துறைமுகத்தில் இருந்த பல கப்பல்கள் ராத்திரியே வெளியேறிவிட்டன. பேர்ல் ஹார்பரில் நின்ற மாதிரி வரிசையாகக் கட்டிப்போட்ட கப்பல்கள் ஜப்பானியருக்கு அகப்படவில்லை. அந்த ஒரு ராத்திரிதான் ஒன்பது பேர் வாங்கித் தந்தது.

இந்தப் பக்கம் என்ன நடந்தது?

அந்த ஈஸ்டர் காலையில் புதுச்சேரி ஜென்மராக்கினி மாதா பேராலயத்தில் பூசை நடந்துகொண்டிருந்திருக்கும். தெற்கே சுமார் 550 கி.மீ. தூரத்தில் குண்டு விழுந்துகொண்டிருந்தது. மறுநாள் வடக்கே விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் விழுந்தது. நடுவில் இருந்தது நம் கரை.

சென்னையில் பீதி. அத்தியாவசியமற்றவர்கள் ஊரைவிட்டுப் போகும்படி அரசு சொன்னது. அலுவலகங்கள் உள்நாட்டு ஊர்களுக்கு மாற்றப்பட்டன. மூர் மார்க்கெட் பக்கம் இருந்த மிருகக்காட்சி சாலையில், குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் ஊருக்குள் வந்துவிடும் என்று சிங்கம், புலி உள்ளிட்ட விலங்குகளைப் போலீஸாரே சுட்டுக் கொன்றார்கள்.

புதுச்சேரி அப்போது பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. 1940-ல் பிரான்ஸ் ஜெர்மனியிடம் விழுந்தபோது, ஆளுநர் லூயி பொன்வேன் சில மாதங்களிலேயே தளபதி தெ கோலின் ‘சுதந்திர பிரான்ஸ்’ பக்கம் சேர்ந்துவிட்டார். ஆகவே பிரிட்டிஷாரின் எதிரி நமக்கும் எதிரி என்ற நிலை. அதே நேரத்தில், வங்காளம் போன்ற இடங்களில் ஜப்பானிய குண்டுக்குப் பயந்த பலர், குழந்தை குட்டிகளோடு பாதுகாப்புக்காக இங்கே ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்துக்கு வந்தனர். அதுவரை சின்னப் பிள்ளைகள் அதிகம் இல்லாத ஆசிரமத்தில், அவர்களுக்காக 1943 டிசம்பர் 2-ல் ஒரு பள்ளி தொடங்கப்பட்டது. டிசம்பர் 2 விழாவுக்குப் பின்னால் ஒரு போரின் பயமும் இருக்கிறது.

புழலில் இருந்து ரோந்து

இந்தத் தாக்குதல்களுக்குப் பிறகு, 1942 ஜூலை வாக்கில் பிரிட்டிஷ் விமானப்படையின் 240-வது பிரிவு தன் கேட்டலினாக்களோடு புழல் ஏரிக்கு வந்தது. ‘ரெட் ஹில்ஸ் ஏரித் தளம்’ என்று ஆவணங்களில் பெயர். ஓடுபாதை போட வேண்டாம், நிலம் எடுக்க வேண்டாம். நகரத்துக்குத் தண்ணீர் தர 1870-களில் பெரிதாக்கப்பட்ட ஏரியே ஓடுபாதை. இரவில் இறங்குவதற்கு, படகுகளில் விளக்கு வைத்து வரிசையாக நிறுத்துவார்கள். நீர்மூழ்கிகளைத் தேடுவது, கப்பல் கூட்டங்களுக்கு மேலே துணை போவது, மூழ்கிய கப்பல்களில் பிழைத்தவர்களைத் தேடுவது என்று வேலை நாள் தவறாமல் நடந்தது. தினமும் ஒன்றும் கண்ணில் படாமல் திரும்புவதுதான் பெரும்பாலான நாட்களின் கதை. அதுவும் தகவல்தான்: இந்தப் பக்கம் யாரும் வரவில்லை.

ஆனால் புழலில் சத்தம் போடாமல் நடந்த வேலை ஒன்று உண்டு. 1944 மார்ச்சில் 628-வது பிரிவு என்று ஒன்று இங்கேயே உருவாக்கப்பட்டது. ஜப்பான் வசமிருந்த கரைகளுக்கு இரவில் பறந்து, உளவாளிகளை இறக்கிவிடுவதும் ஏற்றி வருவதும் அதன் பொறுப்பு. சில மாதங்களில் பிரிவு கலைக்கப்பட்டு, வேலை 240-க்கே போய்ச் சேர்ந்தது.

இதோடு ஒரு கொசுறு. பிரிட்டிஷ் கடற்படை தன் விமானத் தளங்களுக்குப் பறவைப் பெயர் வைப்பது வழக்கம். இங்கே வந்தபோது பெயரைத் தமிழிலேயே எடுத்துக்கொண்டார்கள். தாம்பரத் தளத்துக்கு ‘வல்லூறு’, சூலூருக்கு ‘வைரி’. லண்டன் ஆவணங்களில் இன்றும் இந்தப் பெயர்கள் ஆங்கில எழுத்தில் கிடக்கின்றன.

இரண்டு சூரிய உதயம் பார்த்த பயணிகள்

பெர்ச்சல் கிளம்பிய அதே கொக்கல ஏரிக்கு, போரின் நடுவே பயணிகள் கேட்டலினாவும் வந்து போனது. சிங்கப்பூர் விழுந்ததும் ஆஸ்திரேலியாவுக்கும் பிரிட்டனுக்குமான வான்வழி அறுந்துபோனது. அதை ஒட்டவைக்க குவான்டாஸ் நிறுவனம் 1943 ஜூனில் பெர்த் - கொக்கல சேவையைத் தொடங்கியது. 5,600 கி.மீ.க்கு மேல், எங்கும் இறங்காமல். 27 முதல் 32 மணி நேரம். நடுவழியில் இரண்டு முறை சூரியன் உதிப்பதைப் பார்க்கலாம் என்பதால் ‘இரட்டைச் சூரிய உதயம்’ என்றே பெயர். எரிபொருளே எல்லா எடையையும் விழுங்கிவிட்டதால் பயணிகள் மூன்று பேர்தான்; 69 கிலோ தபால்.

எதிரி ஒட்டுக்கேட்பான் என்று வானொலியும் பேசக்கூடாது. வழி கண்டுபிடிக்க நட்சத்திரம்தான். ஐந்து விமானங்களுக்கும் நட்சத்திரப் பெயர்களே வைத்தார்கள். நம் பஞ்சாங்கப்படி பார்த்தால் ஸ்பைக்கா என்பது சித்திரை, அன்டாரிஸ் கேட்டை, ஆல்டேர் திருவோணம், வேகா அபிஜித். ரைகல் 27-ல் சேராது. திருவாதிரை இருக்கும் அதே ஓரியன் கூட்டத்தில் இருப்பது. 1945 ஜூலை வரை 271 பயணங்கள், 850-க்கும் மேற்பட்ட பயணிகள், ஒரு விபத்துகூட இல்லை. போர் முடிந்ததும், அமெரிக்காவோடு போட்ட குத்தகை ஒப்பந்தத்தின்படி, அந்த விமானங்களைக் கடலில் கொண்டுபோய் மூழ்கடித்தார்கள்.

உலகின் மற்ற மூலைகளிலும் கேட்டலினா இதையே செய்தது. 1941 மே மாதம், எங்கே போனது என்று தெரியாமல் பிரிட்டிஷ் கடற்படையே திணறிக்கொண்டிருந்த ஜெர்மனியின் பிஸ்மார்க் கப்பலைக் கண்டுபிடித்தது ஒரு கேட்டலினா. 1942 ஜூனில் மிட்வே தீவை நோக்கி வந்த ஜப்பானியக் கப்பல்களைப் பார்த்ததும் அதுவே. 1945 ஆகஸ்டில், இண்டியானபோலிஸ் கப்பல் மூழ்கி நான்கு நாட்களாகச் சுறாக்களுக்கு நடுவே மிதந்துகொண்டிருந்தவர்களைப் பார்த்த விமானி ஏட்ரியன் மார்க்ஸ், திறந்த கடலில் இறங்கக்கூடாது என்ற உத்தரவை மீறி இறங்கினார். உள்ளே இடம் நிரம்பியதும் மீதிப் பேரை இறக்கை மேல் ஏற்றிக் கட்டிவைத்தார். மொத்தம் 56 பேர். அந்த விமானம் அதற்குப் பிறகு எழும்பவே இல்லை.

பிரெஞ்சு கடற்படையிடமும் கேட்டலினா இருந்தது. 1945 இறுதியில் இந்தோசீனாவுக்குப் போன முதல் பிரெஞ்சு விமானங்களில் அவையும் அடக்கம். வீட்டில் யாராவது ஒரு சைகோன் தாத்தா இருந்திருந்தால், அவர் மெகாங் ஆற்றுப் பக்கம் இவற்றைப் பார்த்திருக்கக்கூடும். ஆழ்கடல் ஆய்வாளர் ழாக் கூஸ்தோவின் மகன் பிலிப் 1979-ல் போர்ச்சுகலில் இறந்ததும் ஒரு கேட்டலினா விபத்தில்தான். பயணிகள் விமானக் கடத்தல்களில் முதலாவது என்று சொல்லப்படும் 1948-ன் மக்காவ் சம்பவத்திலும் இதே ரகம். 26 பேரில் ஒருவர்தான் பிழைத்தார்.

இப்போது யார் பார்க்கிறார்கள்?

மூவாயிரத்துக்கும் மேல் தயாரிக்கப்பட்ட கேட்டலினாக்களில் இன்று பறக்கும் நிலையில் இருப்பவை மிகச் சில. கொக்கல ஏரிக்கரையில் இலங்கை விமானப்படைத் தளம் இருக்கிறது. புழல் பற்றிய செய்தி என்றால் இப்போது நீர்மட்டம் எத்தனை அடி என்பதுதான்.

வங்கக் கடலைப் பார்க்கும் வேலை அரக்கோணத்துக்குப் போய்விட்டது. போர்க்காலத்தில் அதுவும் ஒரு விமானத் தளம்தான். 1992-ல் இந்தியக் கடற்படை அங்கே தொடங்கிய தளத்துக்குப் பெயர் ஐஎன்எஸ் ராஜாளி. மறுபடியும் தமிழ்ப் பறவை. 2013 முதல் அங்கிருந்து பி-8ஐ விமானங்கள் கிளம்புகின்றன. ஜெட் இன்ஜின், ரேடார், நீர்மூழ்கியின் சத்தத்தைக் கேட்கும் கருவிகள் எல்லாம் உண்டு. பெர்ச்சல் ஒரு பகல் முழுக்கச் சுற்றிய கடலை அவை சில மணி நேரத்தில் பார்த்துவிடும். தண்ணீரில் மட்டும் இறங்க முடியாது.